ஒலிப்பெட்டி கத்துகிறது, வசனம் விளங்கவில்லை: சென்னையின் பாஸ்கா நாடகங்கள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாம்பல் புதன் நெருங்கிவிட்டது. அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான புனித சனி வரை, ஞாயிறுகளையும் சேர்த்து, 46 நாள். கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் மற்றச் சபையார் லெந்து நாட்கள் என்றும் சொல்லும் இந்த ஆறரை வாரத்தில் சென்னையின் பங்கு ஆலயங்களிலும் சபைகளிலும், இயேசுவின் பாடுகளை, அதாவது துன்பங்களையும் மரணத்தையும், நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம், சிலுவைப்பாதை, வீதி நாடகம், வில்லுப்பாட்டு, கதாகாலட்சேபம் என்று வேலை மும்முரமாகும். வாடகைக்கு எடுக்கும் பொருட்களின் பட்டியலும் நீளும்: எல்இடி திரை, புகை இயந்திரம், ஆளுயர ஒலிப்பெட்டிகள். ஆனால் தெருவோரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறவரிடம் ‘என்ன சொன்னார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இயேசுவை அடித்தார்கள், சிலுவையில் தொங்கவிட்டார்கள்’ என்பார். ஏன் அடித்தார்கள், அவர் என்ன பேசினார் என்பது அவருக்கு எட்டவே இல்லை. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. கலை வழியாக ஊழியம் என்று புறப்பட்டவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். வாடகைப் பணத்தில் ஒரு பகுதியை ஒத்திகைக்கும் குரலுக்கும் திருப்பினாலே பெரிய மாற்றம் வரும். இன்னும் நாள் இருக்கும்போதே சொன்னால்தான் பயன் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

பெரிய கேடு, பதிவுசெய்த வசனம். ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் நாலைந்து பேர் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, பின்னணி இசையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரப் பதிவாக வாங்கிவிடுகிறார்கள். மேடையில் இருப்பவர்கள் வாயசைக்கிறார்கள். நூறு பேர் நடிக்கும் பெரிய மைதானத்தில் இதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். தெருவில் நியாயம் இல்லை. பதிவு காத்திருக்காது. இயேசுவை விசாரிக்கும் ஆளுநர் பிலாத்து கேள்வி கேட்கும் நேரத்தில் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்தால் கேள்வி போயிற்று. உயிருள்ள நடிகர் என்றால் இரண்டு நொடி நிறுத்தி, பேருந்து போனபின் கேட்பார். வாயசைக்கிறவரின் கண்ணும் கவனமும் பதிவைத் துரத்துவதிலேயே இருக்கும். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. எல்லா வசனமும் ஒரே பெட்டியிலிருந்து வருவதால் பேசுவது யார் என்று கூட்டம் தேடவேண்டியிருக்கிறது. அதைக் காட்டத்தான் நடிகர்கள் கையைக் கையை ஆட்டுகிறார்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய ஆள் இல்லை என்பது சாக்கு. ஆறரை வாரம் இருக்கிறது. ஒன்றரை மணி நேர நாடகத்தை 40 நிமிடமாகக் குறையுங்கள், பேசும் பாத்திரங்களை எட்டுக்குள் நிறுத்துங்கள். ஒருவருக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வசனம் இராது.

குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது கணக்கு. பழக்கப்பட்ட நடிகர் உரக்கப் பேசினால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 75 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும்: நாலு மீட்டரில் 63, எட்டு மீட்டரில் 57. வண்டி ஓடும் பெரிய சாலையின் இரைச்சலே 70ஐத் தாண்டும் என்பதால் அங்கே வெறுங்குரல் முதல் வரிசையிலேயே செத்துப்போகும். அதே குரல், வண்டி நுழையாத ஒரு சந்துக்குள், முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கும்படி நின்று பேசினால் எட்டு மீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். மூன்று மீட்டரில் தொடங்கி ஏழு மீட்டர் வரை அரைவட்டமாகக் கூட்டம் நின்றால் சுமார் 150 பேர் நெருக்கமில்லாமல் நிற்கலாம். காசிமேட்டிலும் புளியந்தோப்பிலும் கண்ணகி நகரிலும் இப்படிப்பட்ட இடங்கள் எத்தனையோ. மைக்கே வேண்டாம். ஒரே மாலையில் 20 நிமிட நாடகத்தை நான்கு முனைகளில் போடலாம். மெயின் ரோட்டில் மேடை கட்டி ஆயிரம் பேருக்குப் பாதி காதில் விழச் செய்வதைவிட, நான்கு முனையில் அறுநூறு பேருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கச் செய்வது மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மைக் தேவைப்படும் இடமும் உண்டு. அப்போது மைக் செட்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது ‘எக்கோவை அணைத்துவிடுங்கள்’ என்பது. கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கியாரின் குரலுக்கு எக்கோ போட்டுப் பழகிவிட்டார்கள். தமிழில் ல, ள, ழ வேறுபாடும் ன, ண வேறுபாடும் மெல்லிய ஒலி வேறுபாடுகள். எக்கோவில் முதலில் கரைவது அவைதான். அடுத்தது பேஸ், அதாவது கனத்த அடியொலி. பேச்சு மைக்கில் 100 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள ஒலியால் வசனத்துக்கு ஒரு பயனும் இல்லை. காற்றும் காலடியும்தான் அங்கே இருக்கும். ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியில் ‘லோ கட்’ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். பெட்டியைத் தரையில் வைத்தால் முன்வரிசைக் குழந்தைகளின் காது கிழியும், பின்வரிசைக்கு எட்டாது. பெட்டியின் அடிப்பாகம் ஆறேழு அடி உயரத்தில் இருக்கட்டும், முகம் சற்றே கீழ்நோக்கிச் சாயட்டும். மைக் எப்போதும் பெட்டிகளின் வரிசைக்குப் பின்னால்தான். நடிகர் மைக்கோடு பெட்டிக்கு முன்னால் வந்தால் கீச்சிடும். தெருவின் பாதியில் இன்னொரு ஜோடிப் பெட்டி வைக்கும் ஆசை வரும். 17 மீட்டர் தள்ளி வைத்தால் முன்பெட்டியின் ஒலி அங்கே வந்து சேர ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தும். அதற்கு மேல் தள்ளிப்போகப் போக ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். பின்பெட்டியின் ஒலியை அதே அளவு தாமதப்படுத்தி ‘டிலே’ கொடுக்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால் இரண்டாவது ஜோடி வேண்டாம். சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் போன்ற கடலோர இடங்களில் மாலைக் கடற்காற்று மைக்கில் ஊதும். பஞ்சு உறை இல்லாத மைக்கை அங்கே எடுத்துப்போகாதீர்கள். சட்டைக்காலரில் குத்தும் மைக் வியர்வையிலும் அங்கியின் உரசலிலும் கெடும். கன்னத்தோடு ஒட்டி வரும் மைக் நல்லது. பேட்டரியைக் காட்சி தொடங்கும் முன் புதிதாகப் போடுங்கள், பாதி தீர்ந்ததை நம்பாதீர்கள். ஜெனரேட்டர் 30 மீட்டராவது தள்ளி, முடிந்தால் ஒரு கட்டடத்துக்கு மறுபுறம் நிற்கட்டும்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். சிலுவைப்பாதை ஊர்வலம் போகும் வழியைத் தெருப் பெயர்களோடு வரைந்து, காவல் நிலையத்தில் பத்து நாளுக்கு முன்பே கொடுங்கள். கடைசி நேரத்தில் கொடுத்தால் வழியை மாற்றச் சொல்வார்கள். வழியில் நின்று ஜெபிக்கும் 14 நிலைகளின் இடமும் குலையும்.

இனி வசனமும் பாட்டும். சரியாக ஒலித்தாலும் புரியாத தமிழாக இருந்தால் வீண்தானே. சபைக்குள் வளர்ந்தவருக்கு இரட்சிப்பு, பிரயாசம், ஸ்தோத்திரம், பரிசுத்தவான் எல்லாம் வீட்டுச் சொற்கள். தெருவில் நிற்பவருக்கு அப்படியில்லை. இயேசுவின் வாயிலிருந்து வரும் சொற்களை வேதத்தில் உள்ளபடியே வையுங்கள், அது முறை. மற்றவர்கள் ஏன் பழைய மொழிபெயர்ப்பின் நடையில் பேச வேண்டும்? இயேசுவின் சீடர் பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கலிலேயாக் கடலின் மீனவர். தலைமைக் குருவின் முற்றத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தது எது? அவருடைய பேச்சு. மத்தேயு 26ஆம் அதிகாரத்தில் அது தெளிவாகவே இருக்கிறது: பேச்சை வைத்தே இவனும் அவர்களில் ஒருவன் என்று கண்டுகொள்கிறார்கள். பேதுரு மேடைத் தமிழ் பேசினால் அந்தக் காட்சிக்குப் பொருளே இல்லை. அவர் காசிமேட்டுத் தமிழ் பேசட்டும். இராமுழுதும் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்பதை, ‘ராத்திரி முழுக்கப் பாடுபட்டோம், பாடு இல்ல’ என்று சொல்லட்டும். மீன் கிடைப்பதைப் பாடு என்றும் மீன்பாடு என்றும் சொல்கிற மக்களுக்கு அந்த ஒரு வரி போதும். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய நாடகத்தில் அந்தச் சொல் முதல் காட்சியிலேயே விழுந்துவிட்டால், கெத்செமனே தோட்டக் காட்சியில் திரும்ப வரும்போது அதன் கனம் வேறு.

ஆனால் வட்டாரப் பேச்சைச் சிரிப்புக்காக வைப்பது பெரிய குற்றம். பல நாடகங்களில் படித்தவர்கள் தூய தமிழும் குடிகாரர், திருடர், கூலிக்காரர் மட்டும் சென்னைத் தமிழும் பேசுகிறார்கள். அந்தத் தமிழைப் பேசுகிறவர்தான் எதிரே நின்று பார்க்கிறார். அவருடைய நாக்கைக் கேலிசெய்துவிட்டு அவருக்கு நற்செய்தி சொல்ல முடியாது. பிசாசுக்குக் கருப்பு மை பூசுவது, ஏரோதின் அரண்மனைக் காட்சியில் திருநங்கையைக் கேலிப் பொருளாக்குவது, சேரிக்காரரையே பாவியாகக் காட்டுவது எல்லாம் இதே கணக்கில் சேரும். சாத்தானுக்கு முகப்பூச்சே வேண்டாம்; சாந்தமாகப் பேசும், நல்ல வேட்டி கட்டிய ஒருவர் சோதனைக் காட்சியில் எவ்வளவு பயமுறுத்துவார் என்று ஒருமுறை செய்து பாருங்கள். யூத மக்கள் எல்லோரும் கொலைவெறியர்கள் என்பது போல் ‘சிலுவையில் அறையும்’ என்று மேடை முழுக்கக் கத்தவிடுவதும் தவறு. 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத மக்கள் மீது ஒட்டுமொத்தமாகப் பழி சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. ஜெர்மனியின் ஓபராமர்காவ் ஊரில் 1634 முதல் நடந்துவரும் பாடுகளின் நாடகமே அதன்பின் தன் வசனங்களைத் திருத்திக்கொண்டது. கூச்சலிடுவோரைப் பார்வையாளர்களுக்குள்ளேயே ஆங்காங்கே நிறுத்திவையுங்கள். பக்கத்தில் நிற்பவர் திடீரென்று கத்தும்போது, அந்தக் கூட்டத்தில் தானும் இருப்பதாக ஒவ்வொருவரும் உணர்வார்.

பாட்டில் சொல் தொலைவது வேறு விதம். தமிழில் குறில் நீண்டால் சொல்லே மாறிவிடும். ‘விடு’ என்பதை இழுத்தால் ‘வீடு’. ‘கொடு’ ‘கோடு’ ஆகும். ‘மரி’ நீண்டால் ‘மாரி’. இயேசுவின் தாயின் பெயரே வேறாகிவிடுகிறது. மெட்டை முதலில் போட்டுவிட்டுச் சொல்லை அதற்குள் திணிப்பதால் வரும் வினை இது. மேற்கத்திய மெட்டுக்கு மொழிபெயர்த்த பாமாலைகளில் இந்தச் சிக்கல் அதிகம், தமிழ்ச் சந்தத்திலேயே பிறந்த கீர்த்தனைகளில் குறைவு. ‘மீட்டவர்’ என்ற சொல் இரண்டு அடிகளுக்கு நடுவில் உடைந்து ‘மீட்’ ஓரடியிலும் ‘டவர்’ அடுத்த அடியிலும் விழுந்தால், நகரத்துக் காது கேட்பது செல்போன் கோபுரத்தை. பரிசோதிக்க எளிய வழி உண்டு. பாட்டை எழுதியவர் தவிர வேறொருவர் பத்தடி தள்ளி முதுகைக் காட்டி உட்காரட்டும். ஒருமுறை பாடுங்கள், அவர் கேட்டதை எழுதட்டும். தப்பாக எழுதிய சொற்களையெல்லாம் மாற்றுங்கள். இழுக்க வேண்டிய இடத்தில் நெடில் இருக்கட்டும், அல்லது சொல்லின் கடைசி உயிரில் இழுக்கட்டும். சினிமா மெட்டில் ஊழியப் பாட்டு எழுதுவோருக்கும் ஒன்று: மெட்டு ஒலித்ததும் கேட்பவர் மனதில் அந்தப் படத்தின் காட்சிதான் ஓடும். உங்கள் சொற்கள் அதற்குப் போட்டியாக நிற்க முடியாது. உரிமைச் சிக்கல் தனி.

எந்தக் கலை எந்த இடத்துக்கு என்பதிலும் குழப்பம் இருக்கிறது. வில்லுப்பாட்டுக்கு வில் மட்டுமே பத்தடிக்குக் குறையாது. குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று ஐந்தாறு பேர் உட்கார வேண்டும், பார்ப்பவரும் உட்கார்ந்து முக்கால் மணி நேரமாவது கேட்க வேண்டும். நடுத்தெருவுக்கு அது ஏற்றதல்ல. ஆலய வளாகத்துக்கும் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் நடு முற்றத்துக்கும் ஏற்றது. அதன் பலம் பின்பாட்டில் இருக்கிறது. முதன்மைப் பாடகரான புலவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டு அந்த வரியையே திரும்பச் சொல்வார். பிந்தி வந்தவருக்கும் கதை பிடிபடுவது அதனால்தான். நேரத்தை மிச்சம் பிடிக்க அதை வெட்டுகிறவர்கள் வில்லுப்பாட்டின் காதையே வெட்டுகிறார்கள். பறை கூட்டம் சேர்க்கும். தோல் பறை கடலோர ஈரக்காற்றில் அரை மணியில் தளர்ந்துவிடும். காய்ச்சி இறுக்க நெருப்பு வேண்டும், அதைத் தார்ச் சாலை மேல் நேரடியாக மூட்டாமல் தகரத்தின் மேல் மூட்டுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள். ஃபைபர் பறை தளராது, ஆனால் சந்துக்குள் அதன் ஓசை சுவரில் மோதிக் காதை அறையும். வசனம் தொடங்கும் முன் முழுதாக நிறுத்திவிட வேண்டும். வசனத்தின் மேல் பறை அடிக்கக் கூடாது, எவ்வளவு உணர்ச்சிகரமான காட்சியானாலும்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அரண்மனையும் ஊரும் அறிந்த குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். கேட்போர் காதில் ஏற்கெனவே இருந்த வடிவம் என்பதால் கதை நேராக உள்ளே போயிற்று. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். வட சென்னையில் அந்த இடத்தில் இருப்பது கானா. இழவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானாவை அறியாத தெரு அங்கே இல்லை. பெரிய வெள்ளி என்பது ஒரு சாவு வீடு. மரியாள் மகனை மடியில் கிடத்தியிருக்கும் காட்சிக்குக் கீபோர்டில் சோக இசை வாசிப்பதைவிட, ஒரு நல்ல கானாப் பாடகர் வந்து உட்கார்ந்து பாடினால் தெருவே அசையாது நிற்கும். கடலோர ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் கிறிஸ்துவின் பாடுகளை நினைந்து வாசிக்கும் வியாகுலப் பிரசங்கத்தை இழுத்து இழுத்து ஒப்பாரி போலப் படிப்பதும் இதே மரபின் இன்னொரு கிளைதான். கானாவைக் கொச்சை என்று ஆலயப் படிக்கட்டிலேயே நிறுத்திவைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பாடகருக்கு நியாயமான சம்பளமும் கொடுக்க வேண்டும். மைக் செட்டுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிட்டு, பாடகரிடம் ‘ஊழியமாகச் செய்யுங்கள்’ என்பது சரியல்ல.

சிலுவையைப் பற்றி விவரமாகச் சொல்லியாக வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டு சிலுவை வேண்டும்: சுமக்க ஒன்று, ஏற்ற ஒன்று. நாலங்குலச் சதுரத்தில் ஒன்பதடி நெடுமரமும் ஐந்தரை அடி குறுக்குமரமும் திடமான தேக்கில் செய்தால் 30 கிலோ வரும், வேங்கையில் இன்னும் கூடும். அதைத் தோளில் வைத்து இரண்டு கிலோமீட்டர் நடந்தவர், அடுத்து வசனம் பேச முடியாது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் உள்ளே வெற்றிடமாகப் பெட்டி போல் செய்து, மேலே மரக்கோடு வரைந்தால் 11, 12 கிலோவில் முடியும். தரையில் இழுபடும் முனைக்கு டயர் ரப்பர் ஒட்டுங்கள். இல்லையென்றால் பிளைவுட் தார்ச் சாலையில் தேய்ந்து பிரியும்.

ஏற்றும் சிலுவை திட மரம். மண்தரை என்றால் பன்னிரண்டடி மரத்தில் மூன்றடி குழிக்குள் போகட்டும், சுற்றிலும் கல் இடித்து இறுக்க வேண்டும். சிமென்ட் தரை என்றால் நாலடிக்கு நாலடி இரும்புச் சட்டம், நான்கு மூலையிலும் மணல் மூட்டை. ஆளைக் கட்டிவைத்துச் சிலுவையைத் தூக்கி நிறுத்தும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தூக்கும் நேரத்தில்தான் அடிச்சட்டம் வழுக்கும், ஒரு பக்கக் கயிறு முந்தும். சிலுவையை முதலில் நிறுத்தி அசைத்துப் பார்த்துவிட்டு, படைவீரர்கள் சுற்றி நின்று மறைக்கும்போது நடிகர் பின்னாலிருந்து ஏணியில் ஏறட்டும். ஆறங்குலம் முன்னால் நீளும் பாதப்பலகை, துணிக்கு அடியில் இடுப்புப் பட்டை, கையால் பிடித்துக்கொள்ள ஆணி வடிவில் முளை: உடல் எடை முழுக்கப் பாதத்திலும் இடுப்பிலும் இருக்க வேண்டும், கையில் இருக்கக் கூடாது. கையை விரித்துக் காலை அசைக்காமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும். அணிவகுப்பில் நிற்கிற வீரர்கள் சாய்வதும் இதனால்தான். ஐந்து, ஆறு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முழங்காலைச் சற்று மடக்கி மடக்கி நிற்கச் சொல்லுங்கள். பின்னால் ஒருவர் வேறு வேலையில்லாமல் நடிகரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தலை வலப்பக்கம் இருமுறை அசைந்தால் உடனே இறக்குவது என்று முன்பே பேசிவைக்க வேண்டும்.

இதில் இன்னொரு ஆபத்து நோன்பு. நடிப்பவர் பெரிய வெள்ளியன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார், பக்தியால். ஏப்ரல் வெயில், வெறுங்கால், சுமை, தொங்கல் எல்லாம் சேர்ந்தால் விழுவது நிச்சயம். பங்குத்தந்தையோ ஆயரோ முன்கூட்டியே கூப்பிட்டு, ‘நீ இன்று குடிக்கத்தான் வேண்டும்’ என்று சொல்லிவிட்டால் அந்த இளைஞரின் மனம் உறுத்தாது. உப்புப் போட்ட மோர் போதும். ஊர்வலத்தைக் காலை ஆறு மணிக்கோ மாலை ஐந்துக்கு மேலோ வையுங்கள். மூன்று மணித் தார்ச் சாலை பாதத்தைக் கொப்பளிக்கச் செய்யும்.

இரத்தத்துக்குக் குங்குமக் கரைசல் கண்ணில் இறங்கினால் எரியும். சர்க்கரைப் பாகு நிறம் நன்றாக இருக்கும், ஆனால் ஈயும் எறும்பும் மொய்த்து நடிகரை வதைக்கும். கிளிசரினில் உணவுச் சிவப்பும் துளி சாக்லேட் தூளும் கலந்து பூசலாம், ஆனால் கிளிசரினும் கண்ணில் பட்டால் எரியும். சாட்டையைப் பருத்தித் துணி முறுக்கிச் செய்யுங்கள். அடி தரையில் விழட்டும், ஓசையை மறைவில் இருப்பவர் ஒரு தோல் துண்டில் தட்டி எழுப்பட்டும். கசையடிக் காட்சி ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. செல்போன்கள் எல்லாம் உயர்வது அந்தக் காட்சிக்குத்தான். அது நீண்டால் நாடகம் அதுவாகவே முடிந்துவிடும், குழந்தைகள் இராத்திரி அலறி எழுவார்கள்.

ஒத்திகைக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் நடிப்பே வேண்டாம், வட்டமாக உட்கார்ந்து வாசிக்க மட்டும் செய்யுங்கள். நாக்கு இடறும் வரிகளை அப்போதே திருத்திவிடலாம். மூன்றாம் வாரத்தில் கையில் தாள் இருக்கக் கூடாது. நான்காம் வாரத்திலிருந்து ஆலயக் கூடத்துக்குள் ஒத்திகை பார்ப்பதை நிறுத்தித் தெருவுக்கு வாருங்கள். கூடத்தில் எதிரொலி குரலைத் தூக்கிக்கொடுக்கும். அந்தப் பொய்யை நம்பி வெளியே வருகிறவர்கள் முதல் நாளே தொண்டை கட்டி நிற்கிறார்கள். நாய் குரைப்பு, தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாவற்றோடும் பேசிப் பழக வேண்டும். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

தமிழ் தெரியாத தொழிலாளர்கள் இன்று சென்னையின் எல்லாக் கட்டுமான இடங்களிலும் இருக்கிறார்கள். ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் அவர்களுக்கு வசனமில்லாத மைம் 12 நிமிடம் போதும், ஞாயிறு மாலை அவர்கள் தங்குமிடத்துக்கு அருகில். காது கேளாதோருக்கு சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கும்போது அவர் முகத்திலும் கையிலும் தனி விளக்கு விழ வேண்டும். காட்சிக்காக எல்லா விளக்கையும் அணைக்கும்போது அதையும் அணைத்துவிடுகிறார்கள்.

நாடகம் முடிந்ததும் துண்டுப்பிரசுரத்தைக் கையில் திணிப்பது, சிறுவர்களிடம் தொலைபேசி எண் வாங்குவது, பிற மதத்தவரின் வழிபாட்டைப் பழிப்பது ஆகியவை கூடவே கூடாது. நடித்தவர்கள் உடையைக்கூட மாற்றாமல் அங்கேயே நிற்கட்டும். கேட்க விரும்புகிறவர் வந்து கேட்பார், பெரும்பாலும் வயதானவர்களும் குழந்தைகளும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் பாஸ்கா நாடகங்களைப் போடும்போது ஆலயத்தின் பெயரோடு நிறுத்தாமல், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், நேரடிக் குரலா பதிவா, உட்கார இடம் உண்டா, சைகை மொழி உண்டா என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அந்தப் பட்டியல் குருத்து ஞாயிறன்று வெளிவந்தால் புனித வாரம் முழுவதற்கும் மக்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
வீதி நாடகமும் வில்லுப்பாட்டும் பயிற்றுவிப்போர்,
வட சென்னை.